ரஹீம் வாத்தியாரும் ஆசியக் கோப்பையும்

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், திருப்புல்லாணி)

கால்பந்தில் இந்தியா ஒரு காலத்தில் ஆசியாவிலேயே இரண்டாவது இடம் பிடித்தது என்று சொன்னால் நம்ம வகுப்பில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஆனால் பிடித்தது உண்மை. 1964-இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா தென் கொரியாவை 2-0 என்றும், ஹாங்காங்கை 3-1 என்றும் ஜெயித்தது. இஸ்ரேலிடம் மட்டும் 0-2 என்று தோற்றது. கோப்பை இஸ்ரேலுக்கு, இரண்டாம் இடம் நமக்கு.

மொத்தம் நாலே நாடுகள்தான் அந்தப் போட்டியில் ஆடின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசியல் காரணத்தால் பல நாடுகள் இஸ்ரேல் இருக்கும் பக்கமே வரவில்லை. அதனால் தகுதிச் சுற்றில் இந்தியாவுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் நாம் 2-0 என்று வென்ற தென் கொரியா, அதற்கு முந்தைய இரண்டு முறையும் (1956, 1960) கோப்பையைத் தூக்கிய நாடு.

அந்த 1964 அணியைப் பற்றி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் படிக்கப் படிக்க, அந்தப் போட்டியில் இல்லாத ஒரு மனிதர்தான் பக்கத்துக்குப் பக்கம் வந்து நின்றார். போட்டி முடிந்தது 1964 ஜூன் 3. அந்த மனிதர் இறந்தது 1963 ஜூன் 11. முதலாண்டு நினைவு நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும்போது, அவர் வளர்த்த பிள்ளைகள் ஆசியாவில் இரண்டாவதாக வந்திருக்கிறார்கள். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ஆட்டக்காரர்கள் ரஹீம் சாகிப் என்பார்கள். நம்ம பக்கத்துப் பேச்சில் சொன்னால் ரஹீம் வாத்தியார். வாத்தியார் என்பது மரியாதைக்காகச் சொல்வதில்லை, அவர் நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார்.

1909 ஆகஸ்ட் 17-இல் ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அங்கே நிஜாம் ஆட்சி. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கால்பந்தும் ஆடினார். படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலை. கச்சிகுடா, சாதர்காட் என்று ஹைதராபாத்தின் பல பள்ளிக்கூடங்களில் பாடம் எடுத்திருக்கிறார். அதன்பிறகு உடற்கல்வியில் ஒரு டிப்ளமோ படித்தார். கவனியுங்கள் நண்பர்களே, டிப்ளமோ! பட்டம் வாங்கிய ஒருவர், கையில் வேலை இருக்கும்போதே, தனக்கு வேண்டியது இதுதான் என்று தெரிந்து டிப்ளமோவுக்குப் போயிருக்கிறார். என்ஜினீயரிங் சீட் கிடைக்காததால் இங்கே வந்தோம் என்று கேண்டீனில் புலம்புகிற நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

1943-இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. 1950-இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றும் மலை மாதிரி நிற்கும். தெற்கே இருந்து ஒரு போலீஸ் டீம் போய் என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். அந்த போலீஸ் டீம் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் வாங்கியது. டெல்லியில் டூரண்ட் கோப்பையையும் வாங்கியது. ஒரு வருஷம் ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஐந்து வருஷம் ஒரே கோப்பை என்றால் அதற்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அது என்ன கணக்கு என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? நாலு பேரை வெட்டி வெட்டித் தானே கொண்டுபோகப் பார்ப்பான். சேதுக்கரைக் கடற்கரையில் சாயங்காலம் போய்ப் பாருங்கள், எல்லாரும் அப்படித்தான். நானும் அப்படித்தான். ரஹீம் அதை மாற்ற நினைத்தார். திட்டிப் பார்க்கவில்லை, போட்டி வைத்தார். ஹைதராபாத் இளைஞர்களுக்கு அவர் நடத்திய ஒரு போட்டியில் பந்தை உருட்டிக்கொண்டு வெட்டி ஓடவே கூடாது. வந்த பந்தை உடனே கூட இருப்பவனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பலம் குறைந்த காலால்தான் ஆட வேண்டும். வலதுகாலன் இடதுகாலால், இடதுகாலன் வலதுகாலால்.

முதலாண்டு ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா? ஒரு எம்.எஸ். துண்டைக் கையில் கொடுத்து, நாலு பக்கமும் ட்ரை ஸ்கொயரில் வெளிச்சம் தெரியாமல் ராவச் சொன்னார்கள். ராவிக்கொண்டே இருந்தோம். உள்ளங்கை கொப்புளித்தது. இதற்கா வந்தோம் என்று முணுமுணுத்தோம். அந்தச் சதுரத் துண்டு எந்த மெஷினிலும் போய் உட்காரப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அது துண்டுக்கான வேலை இல்லை, கைக்கான வேலை. ரஹீமின் இடதுகால் போட்டியும் அதே ஜாதிதான். அந்தப் போட்டியில் யார் கோப்பை வாங்கினான் என்பது முக்கியமே இல்லை. முடிந்து வெளியே வரும்போது அவனுக்கு இரண்டு கால் இருந்தது.

அவரிடம் வந்த பையன்களில் ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற ஊரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வசதி இல்லாத வீடு. உள்ளூர் ஆட்டம் ஒன்றில் இவரைப் பார்த்த ரஹீம் பயிற்சிக்கு ஹைதராபாத் வரச் சொன்னார். தினமும் அவ்வளவு தூரம் வந்துபோகப் பையனிடம் காசு இல்லை. ரஹீம் அதைக் கேட்டுக்கொண்டு, சரி போ என்று விட்டுவிடவில்லை. சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார். அந்தச் சைக்கிளில் வந்த பையன்தான் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் ரோம் ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு ஆடினார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நாலு வரி எழுத அனுமதிக்க வேண்டும். எங்க அப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, ராத்திரியெல்லாம் கண் விழித்துக் காவல் இருக்கிற வேலை. அம்மா ஓலைப் பெட்டி முடைவார். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இங்கே சேருவதற்கு அப்ளிகேஷன் எழுதியபோது பெற்றோரின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். திறமை இருந்தால் முன்னுக்கு வந்துவிடலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். திறமை அம்முகுடாவில்தான் இருந்தது. நடுவில் சில மைல் ரோடு இருந்ததே! ஒரு வாத்தியார் அந்த ரோட்டைப் பற்றி யோசித்தார். சைக்கிள் சம்பவத்தைப் படித்த அன்றைக்கு ரொம்ப நேரம் தூங்கவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணிக்கு ரஹீம் பயிற்சியாளர், சைலன் மன்னா கேப்டன். இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். அந்த ஒரு கோலை அடித்தவர் மேவாலால்.

மறு வருடமே அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று போட்டுத் தள்ளியது. நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். வெறுங்காலில் ஆடுவது வீரம் என்று இன்றைக்கும் சிலர் கதை சொல்கிறார்கள். மணலில் ஆடிப் பழகிய எனக்கு அந்த சுகம் தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதிரே பூட்ஸ் போட்ட ஆள் முழு வேகத்தில் வரும்போது வெறுங்கால் தானாகவே அரை அடி பின்வாங்கும், அதுவும் எனக்குத் தெரியும். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நம் நாட்டில் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

பத்து கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளர் என்றால் அவர் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ரஹீம் கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. அந்தக் காலத்தில் ஹங்கேரி அணிதான் உலகத்துக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தது. சென்டர் ஃபார்வர்டு கோல் முன்னாலேயே காத்துக்கொண்டு நிற்காமல், கீழே இறங்கிவந்து பந்தை வாங்கி ஆட்டத்தைத் திறந்துவிடுவான். அவனைக் காவல் காக்கிற டிஃபெண்டருக்கு அவன் பின்னாலேயே போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று புரியாது. அதை ரஹீம் படித்து, உள்வாங்கி, நம் ஆட்களுக்குப் பழக்கினார். முன்னால் நாலு பேர், நடுவில் இரண்டு, பின்னால் நாலு என்ற முறையையும் கொண்டுவந்தார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் ஆடிக் காட்டிய பிறகுதான் அந்த 4-2-4 உலகம் முழுக்கப் பிரபலம்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். கேப்டன் சமர் பானர்ஜி. ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா! அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை நாம்தான் போட்டோம், கடைசியில் 1-4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. ஆக நான்காம் இடம். யூகோஸ்லாவியா கணக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1952-இல் ஒன்பது கோல் வித்தியாசம், 1956-இல் மூன்று. ரஹீமின் நான்கு வருட வேலைக்கு எனக்கு இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றே போதும்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2, பிரான்சுடன் 1-1, பெருவிடம் 1-3. முதல் சுற்றோடு வெளியேறினோம் என்றாலும் மானம் போகவில்லை. அந்த அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார், களத்தில் இறங்கும் வாய்ப்பு வரவில்லை. மகன் என்பதற்காக இறக்கிவிடுகிற ஆள் இல்லை போலிருக்கிறது! அந்த ரோம் ஒலிம்பிக்தான் கடைசி. அதன்பிறகு இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் வாசலை மிதிக்கவில்லை.

இனி 1962 ஜகார்த்தா. நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்த்துக்கொள்ளாததை இந்தியாவின் சோந்தி கண்டித்துப் பேசிவிட்டார். உடனே ஊர் முழுக்க இந்தியர்கள் மேல் கோபம். இந்தியத் தூதரகத்துக்கு முன்னால் கலவரமே நடந்தது. நம் அணி மைதானத்தில் இறங்கினாலே கூச்சல்.

முதல் ஆட்டமே தோல்வி, தென் கொரியாவிடம் 0-2. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம், ஆனால் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். பிறகு ஜப்பான் 2-0. அரையிறுதி தெற்கு வியட்நாம். தலையில் தையலோடு ஒரு டிஃபெண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பின்னால் நிறுத்தினால் வருகிற ஒவ்வொரு பந்தையும் தலையால் முட்ட வேண்டும். வெளியே உட்கார வைத்தால் அவர் மாதிரி ஆள் கிடையாது. ரஹீம் அவரை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார், ஃபார்வர்டாக! தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்றோம், அதில் ஒரு கோல் ஜர்னைல் சிங்குடையது.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூட்டம், அத்தனை பேரும் நமக்கு எதிராகச் சத்தம். அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரர்கள். இதை நான் கற்பனையாக எழுதவில்லை, அன்றைக்கு ஆடியவர்களே பின்னாளில் சொன்னது. உடம்பு சரியில்லாமல் இருந்த பீட்டர் தங்கராஜை ரஹீம் கோலுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். நல்ல உயரம், உயரப் பந்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவர்தான். நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து பெரிய ஆட்டக்காரர் ஆனவர். ஆரம்பத்தில் அவர் கோல்கீப்பரே இல்லை, சென்டர் ஃபார்வர்டு. ஆக அன்றைக்கு முன்னாள் ஃபார்வர்டு கோலைக் காக்கிறார், டிஃபெண்டர் கோல் போட ஓடுகிறார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல், இரண்டும் முதல் இருபது நிமிடத்துக்குள். கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது. 2-1, தங்கம்! அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி. பலராமும் அருமைநாயகமும் அந்த அணியில் இருந்தவர்கள்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது ரஹீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். சிகரெட் நிறையப் பிடிப்பார் என்கிறார்கள். ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ஒன்பது மாதத்தில், 1963 ஜூன் 11 அன்று காலமானார். வயது 53. எங்க அப்பாவுக்கு இப்போது 51. கரிப்புகையில் நின்று நின்று அவருக்கும் இருமல் உண்டு. இந்தப் பத்தியை எழுதும்போது வெளியே அவர் இருமுவது கேட்கிறது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால் மூட்டம் பிரிக்கட்டும் என்கிறார்.

ரஹீம் போய்விட்டார், அணி இருந்தது. 1964-இல் ஹாரி ரைட் என்ற இங்கிலாந்துக்காரர் பயிற்சியாளர். சுனி கோஸ்வாமிதான் கேப்டன். இந்தர் சிங் என்ற பஞ்சாப் இளைஞர் தென் கொரியாவுக்கு எதிராக ஒன்று, ஹாங்காங்குக்கு எதிராக ஒன்று என்று இரண்டு கோல் போட்டார். போட்டியிலேயே அதிக கோல் போட்டவர்களில் அவரும் ஒருவர். பலராம் அங்கே இல்லை, உடல்நலக் குறைவால் அதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டார். ஹாரி ரைட்டின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அறுவடை செய்தவர் ஒருவர், உழுது விதைத்தவர் இன்னொருவர் என்பது நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு? 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒரு வெண்கலம். ஆசியக் கோப்பைக்கு மறுபடி தகுதி பெற இருபது வருடம் ஆயிற்று. 1984 சிங்கப்பூரில் ஈரானுடன் 0-0 என்று ஒரு டிரா, மற்ற மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அடுத்தது 2011 கத்தார், மூன்று ஆட்டத்தில் பதின்மூன்று கோல் வாங்கினோம். 2019-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். சுனில் சேத்ரி இரண்டு கோல். ஆசியக் கோப்பையில் 1964-க்குப் பிறகு, 55 வருடம் கழித்து, இந்தியா ஜெயித்த ஆட்டம் அது. ஆனால் அடுத்த இரண்டும் தோற்று வெளியே வந்தோம். 2024 ஜனவரியில் கத்தாரில் மூன்று ஆட்டமும் தோல்வி, கோல் பூஜ்யம். 2027 போட்டிக்கோ தகுதியே பெறவில்லை, 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதோடு கதவு சாத்தியாகிவிட்டது.

கிரிக்கெட் வந்து கால்பந்தைக் கெடுத்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. ஜப்பானை 1962-இல் நாம் 2-0 என்று வென்றோம். அந்த ஜப்பான் பிறகு நான்கு முறை ஆசியக் கோப்பையை வாங்கிவிட்டது. அங்கே பேஸ்பால் இல்லையா என்ன? என் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்கிறேன். ரஹீம் ஒரே சமயத்தில் நாட்டு அணிக்கும் பயிற்சியாளர், ஊர்ச் சங்கத்துக்கும் செயலாளர், ஒரு காலத்தில் பள்ளிக்கூட மைதானத்துக்கும் வாத்தியார். மேலே என்ன தேவை என்று தெரிந்தவரே கீழே பையன்களுக்குப் போட்டி வைத்தார். அவருக்குப் பிறகு மேலே ஒரு ஆள் மாற்றி ஒரு ஆள் வந்தார்கள், வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள். கீழே சைக்கிள் ஏற்பாடு பண்ணுகிற ஆள் எத்தனை ஊரில் இருந்தார்கள்? நான் படித்த பள்ளியில் பந்து பீரோவுக்குள் இருந்தது, சாவி எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் தொடங்கியது, அதற்கு 22 வருடம் முன்பே ரஹீம் இறந்துவிட்டார். ரொம்ப காலம் ஹைதராபாத்துக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 2024-இல் மைதான் என்று ஒரு இந்திப் படம் வந்தது. அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்திருந்தார். நண்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம். கடைசி ஆட்டத்தை நன்றாக எடுத்திருக்கிறார்கள். பீட்டர் தங்கராஜ் 2008-இலும், ஹக்கீம் 2021-இலும், பலராம் 2023-இலும் காலமாகிவிட்டார்கள்.

முடிக்கும் முன் நம் பேரவையின் விளையாட்டுச் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு துறைகளுக்கிடையே நடக்கும் கால்பந்துப் போட்டியில், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆட்டம், பலம் குறைந்த காலால் மட்டும் ஆடுவது என்று வைத்தால் என்ன? மெக்கானிக்கலும் சிவிலும் மோதட்டும். மூன்று மாதமாக நான் இடதுகாலால் சுவரில் அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். பத்தில் நாலு சரியாகப் போகிறது. சிவில் நண்பர்கள் இப்போதே தொடங்கிவிடுவது நல்லது.